சி மொழியில் மாற்றிப் பொருத்தக்கூடிய என்க்ரிப்ஷன் டிரைவர் இன்டர்ஃபேஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

நான் வேலை பார்த்த சேமிப்பு மென்பொருள் முழுக்க சி மொழியில் எழுதியது. தரவை 4096 பைட் பக்கங்களாக டிஸ்கில் எழுதும். அந்தப் பக்கங்களை என்க்ரிப்ட் செய்ய வேண்டும், எந்த அல்காரிதம் என்பதைப் பின்னால் மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு ஸ்ட்ரக்ட், அதில் நான்கு ஃபங்ஷன் பாயிண்டர் என்று ஒரே பிற்பகலில் எழுதி முடித்தேன். அந்த ஹெடர் கோப்பில் எழுதாமல் விட்டவற்றைச் சரிசெய்ய அடுத்த ஐந்து மாதம் போனது.

முதல் டிரைவர் ஏஇஎஸ்-சிபிசி (தரவை 16 பைட் பிளாக்குகளாகச் சங்கிலிபோல் இணைத்து மறைக்கும் முறை). 4096 என்பது 16-ஆல் வகுபடும் எண் என்பதால் பேடிங் (கடைசி பிளாக்கை நிரப்பும் கூடுதல் பைட்டுகள்) தேவைப்படவில்லை. உள்ளே போன நீளமே வெளியே வந்தது, எல்லாம் ஒழுங்காக ஓடியது. இரண்டாவதாக, மறைப்பதோடு தரவு மாறவில்லை என்றும் சரிபார்க்கும் ஏஇஎஸ்-ஜிசிஎம் டிரைவர் வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் நான்ஸுக்கு (ஒரு சாவியோடு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் எண்) 12, டேக்குக்கு (தரவு மாறவில்லை என்று காட்டும் முத்திரை) 16, ஆக 28 பைட் கூடுதலாக வேண்டும். அதை வைக்க என் வடிவத்தில் இடமே இல்லை. ஏற்கெனவே எழுதிய பக்கங்களில் 'இது எந்த டிரைவர் எழுதியது' என்ற அடையாளமும் இல்லை.

இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு அந்த ஐந்து மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சி மொழியும் ஃபங்ஷன் பாயிண்டரும் தெரிந்திருந்தால் போதும். குறியாக்கவியலில் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்தமாக அல்காரிதம் எழுதாதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்சோடியம் போன்ற நூலகங்களைச் சுற்றிப் போர்த்தும் மெல்லிய உறைதான் டிரைவர். ஃபங்ஷன்களுக்கு இங்கே தமிழ்ப் பெயர்களையே வைத்திருக்கிறேன். உங்கள் திட்டத்தின் வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் மூன்று ஆவணங்கள்

நிரலைத் தொடும் முன் மூன்று கோப்புகளைத் திறந்து வையுங்கள்.

முதலாவது, ஹெடர் கோப்பு. அதில் ஃபங்ஷன் வரிகளைவிட அவற்றின் மேலுள்ள குறிப்புகள் நீளமாக இருக்க வேண்டும். இந்த பஃபர் யாருடையது, இதை யார் விடுவிப்பது, தோற்றால் வெளியீட்டில் என்ன இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் அழைக்கலாமா: ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

இரண்டாவது, டிஸ்க் வடிவக் குறிப்பு. எந்த பைட்டில் எது இருக்கிறது என்பது மட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

மூன்றாவது, யாரிடமிருந்து எதைக் காக்கிறோம் என்ற குறிப்பு. டிஸ்கைத் திருடியவர் படிக்கக்கூடாது என்பது மட்டும்தானா, டிஸ்கில் எழுதவும் முடிந்தவர் பக்கங்களை இடம் மாற்றினால் கண்டுபிடிக்கவும் வேண்டுமா? பழைய பக்கத்தை எடுத்து அப்படியே திரும்ப வைத்தால்? கடைசியதை டிரைவர் மட்டத்தில் தடுக்கவே முடியாது. அதை இப்போதே எழுதிவைத்துவிட்டால் பின்னால் சண்டை வராது.

கூடவே, பிறர் செய்ததையும் ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள். வயர்டுடைகர் தரவுத்தள எஞ்சினின் என்க்ரிப்டர் ஸ்ட்ரக்டில் ஐந்தே ஃபங்ஷன்கள்: என்க்ரிப்ட், டிக்ரிப்ட், சைசிங், கஸ்டமைஸ், டெர்மினேட். அந்த 'சைசிங்' எதற்கு என்று புரிந்தால் 4-ஆம் படி பாதி புரிந்த மாதிரி. லினக்ஸ் கெர்னலின் கிரிப்டோ பகுதியில் ஒரே அல்காரிதத்துக்குப் பல டிரைவர்கள் பதிவாகலாம். முன்னுரிமை எண் அதிகமுள்ளது தேர்வாகும், பதிவாகும்போதே சுயசோதனையும் நடத்தமுடியும். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-இன் புரவைடர் அமைப்பையும் பாருங்கள். மூன்றையும் படித்தால் உங்களுக்கு எவ்வளவு தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும்.

2. எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவெடுங்கள்

புதியவர்கள் வழக்கமாகச் செய்வது, '16 பைட் பிளாக்கை என்க்ரிப்ட் செய்' என்று டிரைவரிடம் கேட்பது. அப்படி வெட்டினால் சிபிசி, சிடிஆர் போன்ற முறைகளையும் டேக் கணக்கையும் நீங்களே எழுத வேண்டிவரும். தவறு நுழைவது அங்கேதான். சாச்சா20 மாதிரி பிளாக் சைஃபரே அல்லாதது அந்த இன்டர்ஃபேஸில் பொருந்தவும் செய்யாது. வேகமும் அடிபடும். இன்றைய பிராசசர்கள் ஏஇஎஸ் கட்டளைகளைப் பல பிளாக்குகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் விட்டு ஓட்டும். பிளாக்குக்கு ஒரு ஃபங்ஷன் பாயிண்டர் அழைப்பு என்றால் அந்த வரிசை உடைந்துவிடும்.

முழுச் செய்தியையும் கொடுத்து 'பூட்டு' என்று சொல்லுங்கள். பூட்டியதைக் கொடுத்து 'திற' என்று சொல்லுங்கள். ஆர்எஃப்சி 5116 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் ஏஇஏடி (மறைப்பதையும் மாறாமல் காப்பதையும் சேர்த்துச் செய்யும் முறை) வடிவம் இதுதான்: சாவி, நான்ஸ், மறைக்க வேண்டிய தரவு, மறைக்காமல் ஆனால் மாறாமல் காக்க வேண்டிய கூடுதல் தரவு. இந்த நான்கும் உள்ளே போகும், மறைந்த தரவும் டேக்கும் வெளியே வரும்.

டேக் தராத டிரைவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று சிபிசியை உள்ளே விட்டால், அதற்கு மட்டும் தனி விதிகளை எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதாகும்.

பெரிய கோப்புகளை என்ன செய்வது? துண்டு துண்டாகக் கொடுத்துக் கடைசியில் டேக் சரிபார்க்கும் ஸ்ட்ரீமிங் வடிவம் வேண்டாம். சரிபார்க்காத தரவு அதற்குள் வெளியே போயிருக்கும். கோப்பை 64 கிலோபைட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனிச் செய்தியாகப் பூட்டுங்கள். துண்டின் வரிசை எண்ணும் 'இதுதான் கடைசித் துண்டு' என்ற கொடியும் கூடுதல் தரவில் போகட்டும். இல்லையென்றால் யாராவது கோப்பின் வாலை வெட்டினாலும் உங்களுக்குத் தெரியாது.

3. ஸ்ட்ரக்டை அடுக்குங்கள்

என் இரண்டாவது வடிவத்தில் நிலைத்து நின்ற அடுக்கு இது:

அளவு: இந்த ஸ்ட்ரக்டின் பைட் அளவு, முதல் உறுப்பாக
பதிப்பு: இன்டர்ஃபேஸின் பதிப்பு எண்
எண்: டிஸ்கில் எழுதப்படும் டிரைவர் எண்
பெயர்: லாகில் காட்ட
சாவி நீளம், நான்ஸ் நீளம், டேக் நீளம்
தொடங்கு: சாவியை வாங்கிக்கொண்டு சூழலை (அந்தச் சாவிக்கான நிலையை வைத்திருக்கும் மெமரிப் பகுதி) உருவாக்கும்
பூட்டு
திற
முடி: சூழலைத் துடைத்து விடுவிக்கும்
சோதி: சுயசோதனை

'அளவு' முதலில் இருப்பதற்குக் காரணம் உண்டு. நாளை கடைசியில் ஒரு உறுப்பைச் சேர்ப்பீர்கள். பழைய ஹெடரோடு கம்பைல் ஆன டிரைவரில் அது இருக்காது. அளவைப் பார்த்துவிட்டு, இல்லாத உறுப்பைத் தொடாமல் இருக்கலாம். சேர்ப்பது எப்போதும் கடைசியில்தான், நடுவில் எதையும் நுழைக்காதீர்கள்.

ஒரு பொறியைக் கிட்டத்தில் காட்டுகிறேன். 'பூட்டு', 'திற' இரண்டுக்கும் ஆர்க்யுமென்ட்கள் ஒரே மாதிரி. ஆகவே இரண்டு பாயிண்டர்களின் வகையும் ஒன்றுதான். டிரைவர் ஆசிரியர் உறுப்புப் பெயர் போடாமல் வெறும் வரிசைப்படி ஸ்ட்ரக்டை நிரப்பியிருந்தால், நீங்கள் ஹெடரில் அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றிய அன்றே பூட்டுவதற்குப் பதில் திறக்கப் போகும். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தராது. அதனால் சி99 தரும் பெயரிட்ட நிரப்பலைக் கட்டாயமாக்குங்கள்: புள்ளி, உறுப்பின் பெயர், சமக்குறி, மதிப்பு. குறிப்பிடாத உறுப்புகள் தானாகவே பூஜ்யமாகும் என்பது கூடுதல் லாபம்.

அட்டவணையை 'கான்ஸ்ட்' என்று அறிவியுங்கள். சாவி சார்ந்த எதுவும் அதில் இருக்கக்கூடாது. அது சூழலில் இருக்கட்டும், சூழலின் உள்ளமைப்பு டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஒரு சூழலை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பயன்படுத்தலாம் என்று எழுதிவிடுங்கள். மியூடெக்ஸ் போட்டுப் பகிர்வதைவிட த்ரெட்டுக்கு ஒரு சூழல் கொடுப்பது எளிது.

4. நீளக் கணக்கை டிரைவரிடம் கேளுங்கள், பஃபர் அளவையும் சொல்லுங்கள்

என்னை மிகவும் அலைக்கழித்தது இதுதான். என் முதல் வடிவத்தில் 'பூட்டு' ஃபங்ஷனுக்கு உள்ளீடு, உள்ளீட்டு நீளம், வெளியீடு என்று மூன்றுதான். வெளியீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்லவே இல்லை.

ஜிசிஎம் டிரைவரை முதலில் முயன்றபோது, 4096 பைட்டுக்குப் பின்னால் 16 பைட் டேக்கை அது எழுதியது. என் பக்க ஸ்ட்ரக்டில் பஃபருக்கு அடுத்து இருந்தவை 8 பைட் பக்க எண், 4 பைட் நீளம், 4 பைட் கொடிகள். சரியாக 16 பைட். டேக் அதன்மேல் அச்சுப்பிசகாமல் உட்கார்ந்துகொண்டது. நிரல் விழவில்லை. பக்க எண் குப்பையாகிப்போனதால், எங்கோ எட்டாத இடத்தில் எழுதப் பார்த்து 'டிஸ்கில் எழுத முடியவில்லை' என்று வந்தது. இரண்டு நாள் டிஸ்கையும் ஃபைல் சிஸ்டத்தையும் குடைந்தேன். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசரும் வாய் திறக்கவில்லை. ஒரே ஸ்ட்ரக்டுக்குள் ஒரு உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு வழிவதை அது பிடிக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது.

எனவே வெளியீட்டுக்கு மூன்று ஆர்க்யுமென்ட் வையுங்கள்: பஃபர், அதன் கொள்ளளவு, எழுதிய நீளத்தைத் திருப்பித் தரும் பாயிண்டர். இடம் போதாவிட்டால் டிரைவர் எதையும் எழுதாமல் தனிப் பிழை எண்ணோடு திரும்ப வேண்டும்.

நீளங்களை எல்லாம் 'சைஸ்_டி' வகையில் வாங்குவீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'இவிபி' என்க்ரிப்ட் ஃபங்ஷன்களோ நீளத்தை 'இன்ட்' ஆக வாங்குபவை. 2 ஜிகாபைட்டுக்கு மேல் போனால் சத்தமில்லாமல் எண் சிதையும். டிரைவரை நம்பாமல், மையப்பகுதியிலேயே (டிரைவர்களை அழைக்கும் உங்கள் நிரலிலேயே) ஒரு செய்தியின் உச்ச நீளத்தை நிர்ணயித்து அதற்கு மேல் மறுத்துவிடுங்கள். உள்ளீடும் வெளியீடும் ஒரே பஃபராக இருக்கலாமா என்பதையும் எழுதுங்கள். நான் 'முழுக்க ஒன்றாக இருக்கலாம், பாதி மேலேறக்கூடாது' என்று வைத்திருக்கிறேன்.

5. நான்ஸ் யார் பொறுப்பு?

இதற்குத் தெளிவான பதில் இல்லாத இன்டர்ஃபேஸை வெளியிடாதீர்கள். ஜிசிஎம்மில் ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் இரண்டு முறை வந்தால், இரண்டு செய்திகளின் எக்ஸ்ஓஆர் அப்படியே வெளியே தெரியும். அதைவிட மோசம், டேக் கணக்குக்கான உள்சாவியும் கசியும். அதன்பின் எதிராளி செல்லுபடியாகும் போலிச் செய்திகளையே உருவாக்கலாம்.

டிரைவர் ஆசிரியர் 'நான்ஸை மையப்பகுதி தரும்' என்று நினைப்பார். மையப்பகுதி எழுதியவர் 'டிரைவர் பார்த்துக்கொள்ளும்' என்று நினைப்பார். கடைசியில் பூஜ்யங்கள் நிறைந்த 12 பைட்தான் போய்க்கொண்டிருக்கும். சோதனைகள் எல்லாம் தேறும், ஏனென்றால் பூட்டியதைத் திறக்க முடிகிறதே!

என் முடிவு: டிரைவர் நான்ஸின் நீளத்தை மட்டும் சொல்லும், மையப்பகுதி அதை உருவாக்கி டிஸ்கில் எழுதும். நான்ஸ் உருவாக்கும் நிரல் ஒரே இடத்தில் இருந்தால் ஒருமுறை கவனமாகச் சரிபார்த்தால் போதும். சாவியை உள்ளேயே வைத்துக் காக்கும் சில வன்பொருள் பெட்டகங்கள் நான்ஸைத் தாங்களே உருவாக்குவோம் என்று அடம்பிடிக்கும். அதற்கு ஒரு கொடி வைத்து, அந்த டிரைவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

எப்படி உருவாக்குவது? மூன்று வழி உண்டு.

ரேண்டம் 12 பைட். எளிது. ஆனால் ஜிசிஎம்மில் ரேண்டம் நான்ஸ் என்றால் ஒரு சாவிக்கு 2^32 செய்திக்கு மேல் கூடாது என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் 800-38டி ஆவணம் சொல்கிறது. 429 கோடி என்றால் பெரிதாகத்தான் தெரியும். நொடிக்கு 1000 பக்கம் எழுதினால் ஏறக்குறைய 50 நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் சாவியை மாற்றும் ஏற்பாடு வேண்டும்.

எண்ணி. ஒவ்வொரு செய்திக்கும் ஒன்று கூட்டுவது. திடீரென நிரல் நின்றாலும் எண்ணி பின்னோக்கிப் போகக்கூடாது. பத்து லட்சம் எண்களை முன்பதிவாக டிஸ்கில் எழுதி, எழுதியது டிஸ்கில் சேர்ந்ததை உறுதிசெய்யும் 'எஃப்சிங்க்' முடிந்த பிறகே அவற்றைத் தொடுங்கள். நின்றுபோனால் மிச்சத்தை விட்டுவிட்டு அடுத்த பத்து லட்சத்திலிருந்து தொடங்கலாம். ஆனால் யாராவது பேக்கப்பிலிருந்தோ விர்ச்சுவல் மெஷின் ஸ்னாப்ஷாட்டிலிருந்தோ பழைய நிலையை மீட்டால், எண்ணியும் சேர்ந்து பின்னே போகும். அதற்காக, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிய உப்பு (சாவியோடு கலக்கும் ரேண்டம் பைட்டுகள்) சேர்த்து, ஒரு சாவியிலிருந்து வேறு சாவி எடுக்கும் முறையான ஹெச்கேடிஎஃப் வழியாகப் புதுச் சாவி பெற வேண்டும்.

24 பைட் நான்ஸ். எக்ஸ்சாச்சா20-பாலி1305 இதை ஏற்கும், லிப்சோடியத்தில் இருக்கிறது. இவ்வளவு நீளத்தில் ரேண்டமாக எடுத்தால் மோதலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கட்டுப்பாடு ஏதும் இல்லையென்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

ரேண்டம் பைட்டுகளை லினக்ஸில் 'கெட்ரேண்டம்' மூலம் வாங்குங்கள், திரும்பி வரும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். 'ரேண்ட்' ஃபங்ஷன் பக்கமே போக வேண்டாம்.

6. டிஸ்க் வடிவத்தை உறையவிடுங்கள்

நிரலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதிவிட்ட பக்கங்களை அப்படி மாற்ற முடியாது. நான் கடைசியில் வந்து நின்ற வடிவம்:

0 முதல் 3 வரை: அடையாள எண் (இது நம் வடிவப் பக்கம் என்று காட்டும் மாறாத எண்)
4, 5: வடிவப் பதிப்பு
6, 7: டிரைவர் எண்
8 முதல் 11 வரை: சாவி எண்
அடுத்து நான்ஸ், டிரைவர் சொன்ன நீளத்துக்கு
அடுத்து மறைந்த தரவு
கடைசியில் டேக்

12 பைட் நான்ஸும் 16 பைட் டேக்கும் என்றால் மொத்தச் செலவு 40 பைட். 4096 பைட் பக்கத்தில் 4056 உங்களுக்குக் கிடைக்கும். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் 64 பைட் பதிவுகளைத் தனித்தனியாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 104 ஆகும், பாதிக்கு மேல் வீக்கம். சிறிய பதிவுகளைச் சேர்த்துப் பூட்டுங்கள்.

ஸ்ட்ரக்டை அப்படியே டிஸ்கில் கொட்டாதீர்கள். கம்பைலர் நடுவில் இடம் விடும், பைட் வரிசையும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். எந்த வரிசை என்று குறிப்பில் எழுதி, பைட் பைட்டாக எழுதுங்கள்.

முதல் 12 பைட்டையும் பக்க எண்ணையும் கூடுதல் தரவாக டிரைவரிடம் கொடுங்கள். பக்க எண்ணைச் சேர்க்காவிட்டால், 7-ஆம் பக்கத்தை எடுத்து 9-ஆம் பக்கத்தின் இடத்தில் வைத்தாலும் டேக் சரியாகவே இருக்கும்.

இன்னொன்று. டிரைவர் எண் டிஸ்கில் இருக்கிறது என்றால், டிஸ்கில் எழுத முடிந்த எவரும் அதை மாற்றலாம். அதை 'எந்த டிரைவர் எழுதியது' என்ற துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த டிரைவர்களை அனுமதிப்பது என்பது உங்கள் அமைப்புக் கோப்பில் இருக்க வேண்டும். டிரைவர் எண் 0-ஐச் செல்லாத எண்ணாக வைத்துவிடுங்கள். 'என்க்ரிப்ட் செய்யாத பக்கம்' என்று அதற்குப் பொருள் கொடுத்தால், நான்கைந்து பைட்டை மாற்றிப் போலிப் பக்கத்தை உள்ளே நுழைத்துவிடலாம். அதே காரணத்துக்காக, ஒரே சாவியை இரண்டு டிரைவர்களுக்குக் கொடுக்காதீர்கள். மூலச் சாவியிலிருந்து ஹெச்கேடிஎஃப் மூலம், டிரைவரின் பெயரையும் சேர்த்து, தனித்தனிச் சாவி எடுங்கள்.

7. தோல்வியை வரையறுங்கள்

பூஜ்யம் வந்தால் வெற்றி, வேறு எது வந்தாலும் தோல்வி. இந்த ஒரே விதியை எல்லா ஃபங்ஷனுக்கும் வையுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பல ஃபங்ஷன்கள் 1 என்றால் வெற்றி, 0 அல்லது எதிர்ம எண் என்றால் தோல்வி என்று திருப்பித் தரும். 'பூஜ்யமில்லை, ஆகவே வெற்றி' என்று எழுதியிருந்தால் -1-உம் வெற்றியாகிவிடும். இதே வகைத் தவறுதான் சிவிஇ-2008-5077 என்ற ஓட்டையாகப் பதிவானது: கையெழுத்துச் சரிபார்ப்பின் விடையைத் தவறாகப் படித்ததால், செல்லாத கையெழுத்தும் செல்லும் என்றானது. நூலகத்தின் வழக்கத்தை உங்கள் வழக்கத்துக்கு மாற்றுவது டிரைவரின் முதல் கடமை என்று ஹெடரில் எழுதுங்கள்.

'திற' தோற்றால் வெளியீட்டு பஃபரை முழுக்கப் பூஜ்யமாக்கி, நீளத்தையும் 0 ஆக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஜிசிஎம் திறக்கும்போது, 'அப்டேட்' அழைப்பிலேயே தரவு பஃபருக்கு வந்துவிடும். டேக் சரியா என்பது 'ஃபைனல்' அழைப்பில்தான் தெரியும். நடுவில் யாராவது அந்த பஃபரைத் தொட்டால் சரிபார்க்காத தரவைத் தொடுகிறார்கள்.

பிழை எண்கள் நிறைய வேண்டாம். இடம் போதவில்லை, ஆர்க்யுமென்ட் தவறு, டேக் பொருந்தவில்லை, உள் கோளாறு என நான்கு போதும். டேக் ஏன் பொருந்தவில்லை என்று விவரித்துப் பிரிக்காதீர்கள். பேடிங் தவறா, டேக் தவறா என்று தனித்தனியாகச் சொன்ன அமைப்புகள் அந்த வித்தியாசத்தாலேயே உடைக்கப்பட்டிருக்கின்றன.

டிரைவர் ஏறவில்லை என்றால் நிரல் நிற்கட்டும். 'என்க்ரிப்ஷன் இல்லாமல் தொடர்கிறேன்' என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு ஓடும் மென்பொருளில், அந்த வரியை யாரும் படிக்க மாட்டார்கள்.

8. சாவியைத் துடைப்பது

ஏஇஎஸ்-256-இன் விரித்த சாவி (மூலச் சாவியிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்கிட்டு வைத்த உள்சாவிகள்) 240 பைட். அது சூழலில் கிடக்கும். 'ஃப்ரீ' செய்வதற்கு முன் 'மெம்செட்' போட்டால், இனி யாரும் படிக்காத இடம்தானே என்று கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடலாம். ஜிலிப்சி 2.25-இலிருந்து 'எக்ஸ்ப்ளிசிட்_பிசீரோ' உண்டு, சி23 தரத்தில் 'மெம்செட்_எக்ஸ்ப்ளிசிட்' வந்திருக்கிறது. இவற்றில் ஒன்றை உங்கள் பெயரில் போர்த்தி டிரைவர்களுக்குக் கொடுங்கள். டேக்கை ஒப்பிடும் ஃபங்ஷனையும் அப்படியே கொடுங்கள். 'மெம்கம்ப்' வேறுபாடு கண்டவுடன் நின்றுவிடக்கூடியது, அந்த நேர வித்தியாசமே துப்பாகும்.

9. டிரைவரை ஏற்றுவது

முதல் வெளியீட்டில் டிரைவர்களை நிரலோடு சேர்த்தே லிங்க் செய்து, ஒரு அட்டவணையில் வரிசையாக வையுங்கள். தனிக் கோப்பாக ஏற்றும் வசதியை யாராவது நிஜமாகக் கேட்கும்போது சேர்க்கலாம்.

கேட்டுவிட்டார்கள் என்றால், 'டிஎல்ஓப்பன்' அழைப்பில் 'நவ்', 'லோக்கல்' கொடிகளைப் போடுங்கள். முழுப் பாதையைக் கொடுங்கள், தேடும் பாதையை நம்பாதீர்கள். அந்தக் கோப்புறையில் நிர்வாகி தவிர யாரும் எழுத முடியக்கூடாது. ஏறிய டிரைவர் உங்கள் நிரலின் மெமரி முழுவதையும் படிக்கக்கூடியது, அதற்கும் உங்களுக்கும் நடுவில் சுவரே கிடையாது. டிரைவரிடமிருந்து ஒரே ஒரு பெயரை மட்டும் 'டிஎல்சிம்' மூலம் தேடுங்கள், அது அட்டவணையின் முகவரியைத் தரட்டும். ஏற்றியதும் அளவு, பதிப்பு, கட்டாயப் பாயிண்டர்கள் எல்லாம் சரியா என்று பார்த்து, 'சோதி'யை ஓட்டி, தேறினால் மட்டும் பதிவு செய்யுங்கள். 'டிஎல்க்ளோஸ்' வேண்டாம். எந்த த்ரெட்டாவது இன்னும் அதற்குள் இருந்தால் நிரல் அங்கேயே விழும்.

10. உறையவைக்கும் முன் இரண்டாவது டிரைவர்

இதைத் தவிர்த்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரே டிரைவர் இருக்கும்வரை அதன் குணங்கள் எல்லாம் இன்டர்ஃபேஸின் விதிகளாகத் தெரியும். ஏஇஎஸ்-256-ஜிசிஎம் ஒன்று, எக்ஸ்சாச்சா20-பாலி1305 இன்னொன்று என்று இரண்டையும் எழுதுங்கள். நான்ஸ் நீளம் வேறு, நூலகம் வேறு, பிழை வழக்கம் வேறு. முடிந்தால் இரண்டாவதை வேறொருவரிடம் ஹெடர் கோப்பை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஹெடரில் விடுபட்ட ஒரு வரி.

சோதனைகளில் இவற்றை விடாதீர்கள்:

தெரிந்த விடை. ஆர்எஃப்சி 8439-இல் சாச்சா20-பாலி1305-க்கு 114 பைட் செய்தியும் 12 பைட் கூடுதல் தரவும் அதற்கான விடையும் முழுக்க அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அல்காரிதத்துக்கு டிரைவர் எழுதினால் பைட் பைட்டாகப் பொருந்த வேண்டும். பூட்டித் திறந்து பார்ப்பது மட்டும் போதாது, எதையும் மறைக்காத டிரைவரும் அதில் தேறும்.

ஒவ்வொரு பிட்டாகப் புரட்டுதல். 100 பைட் செய்தி, 6-ஆம் படியில் சொன்ன 40 பைட் செலவு, ஆக 1120 பிட். ஒவ்வொன்றையும் தனியாகப் புரட்டித் திறந்து பாருங்கள். 1120 முறையும் தோற்க வேண்டும், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

எல்லைக் காவல். வெளியீட்டு பஃபரைத் தனியாக 'மேலாக்' செய்து, பின்னால் தெரிந்த பைட்டுகளை நிரப்பி, அவை மாறவில்லையே என்று பாருங்கள். 4-ஆம் படியில் சொன்ன வழிதல் இதில் உடனே சிக்கியிருக்கும்.

பூஜ்ய நீளச் செய்தி. 12 பைட் நான்ஸ் உள்ள டிரைவரில் 40 பைட் வெளியே வர வேண்டும், திரும்பத் திறக்கவும் வேண்டும்.

எதையும் மறைக்காத போலி டிரைவர் சோதனைக்கு உதவும். ஆனால் அது சோதனை நிரலில் மட்டும் கம்பைல் ஆகட்டும், வெளியீட்டு நிரலின் அட்டவணைக்கு வரவே கூடாது.

11. நேரமும் செலவும்

தனியாளாகச் செய்தால் என் கணக்கு இது: ஆவணங்களுக்கு ஒரு வாரம், ஹெடருக்கும் மையப்பகுதிக்கும் ஒரு வாரம், முதல் டிரைவருக்கு மூன்று நாள், இரண்டாவதுக்கு ஒரு வாரம் (ஹெடரைத் திருத்தும் நேரமும் இதில் அடக்கம்), சோதனைக்கு இரண்டு வாரம். ஆறு வாரம் கேட்டு வாங்குங்கள். ஆவண வாரத்தைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள், அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓடும்போது ஆகும் செலவைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பக்கத்துக்கு ஒரு ஃபங்ஷன் பாயிண்டர் அழைப்பு, 4096 பைட்டை என்க்ரிப்ட் செய்யும் வேலைக்கு முன் கணக்கிலேயே வராது. கவனிக்க வேண்டியது 'தொடங்கு'. அதில் சாவி விரிப்பும் மெமரி ஒதுக்கீடும் நடக்கும். பக்கத்துக்கு ஒருமுறை அதை அழைத்தால் மெதுவாகும், த்ரெட்டுக்கு ஒருமுறை அழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரை மாற்றும் நாள் வரும்போது, பழைய பக்கங்களை ஒரே இரவில் திருப்பி எழுத முயலாதீர்கள். புதிதாக எழுதுவது எல்லாம் புது டிரைவரில் போகட்டும். பழையதைப் படிக்க மட்டும் பழைய டிரைவர் அனுமதிப் பட்டியலில் இருக்கட்டும். பின்னணியில் ஒரு வேலை பழைய பக்கங்களை மெதுவாக எடுத்துத் திருப்பி எழுதும். பழைய டிரைவர் எண்ணோடு எத்தனை பக்கம் மிச்சம் என்று ஒரு எண்ணியை லாகில் காட்டுங்கள். அது 0 ஆன பிறகு, பேக்கப்களின் காலமும் முடியும்வரை பொறுத்திருந்து, அப்புறம் அந்த டிரைவரைப் பட்டியலிலிருந்து எடுங்கள். அதன் எண்ணை மட்டும் வேறு எந்த டிரைவருக்கும் மறுபடி கொடுக்காதீர்கள்.